கண்டி மகாவலியிலும் மலைநாட்டு நீர்த்தேக்கங்களிலும் சிறு படகை எங்கே இறக்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு அடி நீளமான ஒரு ஃபைபர் படகையும், காற்றடைக்கும் கயாக் ஒன்றையும் நான் சில ஆண்டுகளாகக் கண்டியில் வைத்திருக்கிறேன். படகைப் பார்த்தவர்கள் துடுப்புப் போடும் விதத்தைப் பற்றிக் கேட்பது குறைவு, "எங்கே இறக்குகிறீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரே ஐயத்துக்குப் பல தடவை விடை சொல்லி அலுத்ததால், கேட்டவர்களின் சொற்களைப் பெரிதும் மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். எஞ்சின் பூட்டிய பெரிய படகுகளைப் பற்றி இதில் எதுவும் இல்லை. இரண்டு பேர் தூக்கக்கூடிய படகு, துடுப்பு, ஒரு வேன் அல்லது ஓட்டோ ஆகியவையே இங்குள்ள கணக்கு.

கண்டியில் ஆறு இவ்வளவு கிட்ட ஓடுகிறதே, நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாதா?

335 கிலோமீற்றர் ஓடிக் கடலைச் சேரும் மகாவலி, பேராதனையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை கண்டி நகரை வளைத்துச் செல்லும் தூரத்தில் நகரத்து ஆறாகவே இருக்கிறது. கரையில் வீட்டு மதில்கள், கழிவுநீர்க் குழாய்கள், வாகனம் கழுவும் இடங்கள், குளிக்கும் படிகள், குடிநீர் எடுக்கும் நிலையங்கள், கோயில், விகாரை எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. வீதியிலிருந்து பார்க்கும்போது தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும், வீதிக்கும் தண்ணீருக்கும் இடையே செங்குத்தான மண்கரையும் மூங்கில் புதரும் இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகைக் கீழே இறக்குவது சரிவின் வேலை. மேலே ஏற்றுவது நம்முடைய வேலை. போகும்போது உற்சாகத்தோடு சறுக்கிவிட்ட அதே கரையில், மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு நனைந்த உடையோடும் ஓய்ந்த கையோடும் அந்தப் படகைத் தூக்கிக்கொண்டு ஏற முடியுமா என்று பார்த்தபின்தான் அந்த இடம் நல்லதா என்று முடிவு செய்ய வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான விடைகள் இந்த ஒரு கணக்கிலிருந்தே வருகின்றன.

அப்படியானால் நல்ல இடத்தைப் பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

ஆறு வளையும் இடங்களில் வெளிப்பக்கக் கரையை நீரோட்டம் அரித்துக்கொண்டே இருக்கும்; அங்கே ஆழமும் வேகமும் அதிகம், கரையும் செங்குத்தாக இருக்கும். உள்பக்கத்தில் ஓட்டம் மெதுவாகி மணலும் சரளையும் படிவதால் கரை சாய்வாக அமையும். ஆகவே முதலில் உள்வளைவைத் தேடுங்கள். அங்கே கால் புதையாத சரளைக்கல் தரை, கரையோரமாகப் பத்துப் பதினைந்து அடியாவது நீர் அசையாமல் நிற்கும் பகுதி, வாகனத்தை நிறுத்த வீதியை அடைக்காத ஓர் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்து கிடைத்தால் அது நல்ல துறை.

பழைய ஊர்ப்பெயர்களும் உதவும். கட்டுகஸ்தோட்டை என்ற பெயரில் உள்ள "தோட்டை"யை நம்மவர்கள் தேயிலைத் தோட்டத்தோடு சேர்த்து எண்ணுவதுண்டு. ஆனால் சிங்களத்தில் "தொட்ட" என்றால் ஆற்றுத்துறை. பாலங்கள் வருவதற்கு முன்பு ஆட்களும் மாடுகளும் ஆற்றைக் கடந்த இடங்கள் இருகரையும் சாய்வான இடங்களாகவே இருந்திருக்கும் என்பது இயல்பு. பேராதனையில் முதிரை மரப் பாலம் கட்டப்பட்டது 1830களில்தான். அதுவரை அங்கேயும் துறைதான் வழி. பாலத்தின் அருகே பழைய ஒற்றையடிப் பாதை ஆற்றை நோக்கி இறங்குவதைக் கண்டால், அந்தப் பாதையில் ஒரு முறை நடந்து பாருங்கள்.

முதல் தடவை இறங்கும் ஒருவருக்கு ஆற்றின் எந்தப் பகுதி பொருத்தம்?

கம்பளையிலிருந்து பேராதனை வரை ஆறு இயல்பான ஆறு. மணல்திட்டும் பாறையும் ஓட்டமும் மாறிமாறி வரும். பேராதனைத் தாவரவியல் பூங்காவை மூன்று பக்கமும் சுற்றிவரும் வளைவு பார்க்க மிக அழகானது. பூங்கா மரங்களில் தொங்கும் பழவௌவால்களை நீரிலிருந்து அண்ணாந்து பார்ப்பதற்காகவே நான் அங்கே போவேன். ஆனால் பூங்காவின் கரை இறங்குவதற்கோ ஏறுவதற்கோ உரிய இடமல்ல. ஆகவே அந்த வளைவில் ஒரு பக்கக் கரை உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுகஸ்தோட்டைக்குக் கீழே, 1976இல் முடிக்கப்பட்ட பொல்கொல்லைத் தடுப்பணை நீரைத் தேக்கி வைத்திருப்பதால், ஆறு ஏறக்குறைய குளமாகிவிடுகிறது. ஓட்டம் குறைவு, பாறை குறைவு, அகலம் அதிகம். முதல் நாளில் துடுப்பைப் பழக்கப்படுத்த இந்தத் தேங்குநீரின் மேற்பகுதிதான் ஏற்றது. மேற்பகுதி என்ற சொல்லைக் கவனிக்கவும். கீழ்ப்பகுதியைப் பற்றி அடுத்த கேள்வி.

பொல்கொல்லையில் தண்ணீர் கண்ணாடிபோல நிற்கிறது. அணைக்கு எவ்வளவு கிட்டப் போகலாம்?

கிட்டப் போகவே வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும் அந்த நீர், சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக உக்குவெலை மின்நிலையத்துக்கும், அங்கிருந்து சுது கங்கை, அம்பன் கங்கை வழியாக வறண்ட வலயத்து வயல்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. உள்வாங்கும் வாயின் இழுவை மேற்பரப்பில் தெரியாது. வான்கதவுகளைத் திறந்தால் நிலைமை இன்னும் மோசம். அணைகளைச் சுற்றிய பகுதி பாதுகாப்புக்கு உட்பட்டது. காவலர் கூப்பிட்டுச் சொல்லும்வரை காத்திருப்பது மரியாதையும் அல்ல.

நான் பின்பற்றும் முறை இதுதான்: அணையின் கதவுத் தூண்களைத் தனித்தனியாக எண்ண முடிகிற தூரம் வந்தால் திரும்பிவிடுவேன். பொல்கொல்லையில் நீர்விமானங்களும் இறங்கியிருக்கின்றன. அகன்ற நடுப்பகுதியில் சும்மா மிதந்துகொண்டிருக்காமல் கரையை ஒட்டிச் செல்வதற்கு அது இன்னொரு காரணம்.

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அப்போதும் தண்ணீர் ஏறுமா?

ஏறும். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கண்டியில் ஓடும் நீர் கண்டியில் பெய்த மழை அல்ல. அது நாவலப்பிட்டி, வட்டவளை, கொத்மலைப் பக்கத்து மழை. வட்டவளை இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும் காலத்தில் அங்கே இரவு முழுவதும் கொட்டிய மழை, மறுநாள் கண்டியில் வெயில் எரிக்கும்போது பேராதனைப் பாலத்தின் கீழே செந்நிறத்தில் வந்து சேரும். நீர் நிறம் மாறுவதும், இலை தழை மிதந்து வருவதும், கரையோரம் நுரை கூடுவதும் மேலே மழை என்பதற்கான அறிகுறிகள்.

மழையே இல்லாவிட்டாலும் மின்சாரம் இருக்கிறது. 1985இல் முடிக்கப்பட்ட கொத்மலை அணையின் நீர், நிலக்கீழ் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுக் கம்பளைப் பக்கமாக மகாவலியில் சேர்கிறது. நாட்டின் மின்தேவை மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சத்தில் இருக்கும். எல்லார் வீட்டிலும் விளக்கு எரியும் அந்த நேரத்தில் நீர்மின் இயந்திரங்களும் கூடுதலாக ஓடக்கூடும் என்பதை மனத்தில் வைத்து, கம்பளைப் பகுதியில் மாலை 5 மணிக்கு மேல் நான் நீரில் இருப்பதில்லை. ஒருமுறை காலையில் ஏழு படிகள் வெளியே தெரிந்த ஒரு துறையில் இறங்கி, பிற்பகல் திரும்பியபோது இரண்டு படிகளே மிஞ்சியிருந்தன. கரையில் கழற்றி வைத்த செருப்பு போன இடம் தெரியவில்லை. அன்றிலிருந்து, இறங்கும்போது நீரின் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டுக் கால் மணித்தியாலம் கரையிலேயே நின்று பார்ப்பேன். கல் நனைந்தால் அன்று படகு இறங்காது.

நாவலப்பிட்டியிலும் பேராதனையிலும் உள்ள நீர்மட்ட அளவீடுகளை நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடுகிறது. நாவலப்பிட்டியில் மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் அந்த நீர் இன்னும் உங்களிடம் வந்து சேரவில்லை என்று பொருள். ஐயம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தில் கேட்கலாம்.

பாலத்தின் கீழே இறக்கினால் என்ன? நிழலும் இருக்கிறது, வீதியும் பக்கத்தில் இருக்கிறது.

பாலத்தைப் பற்றி நான் மேலே நல்லதாகச் சொன்னது அதன் அருகே உள்ள பழைய பாதைகளைத்தானே தவிர, பாலத்தின் அடிப்பகுதியை அல்ல. தூண்களுக்கிடையே ஆறு ஒடுங்குவதால் ஓட்டம் கூடுகிறது. தூண்களின் பின்னே நீர் சுழல்கிறது. வெள்ளத்தில் வந்த மரங்களும் மூங்கிலும் தூண்களின் முன்பக்கத்தில் சிக்கிக் கிடக்கின்றன. படகு குறுக்காகப் போய் அந்தக் குவியலில் சாய்ந்தால், நீர் அதைக் கீழே இழுக்கும். மேலிருந்து குப்பைப் பை விழுவதும் உண்டு. எனக்கு விழுந்திருக்கிறது; மீன் கழிவு.

பாலத்துக்குக் கீழ்ப்பக்கமாக, அதாவது ஓட்டம் பாலத்தைத் தாண்டிய பிறகு வரும் கரையில், நூறு மீற்றர் அளவு தள்ளி இறங்குவது பரவாயில்லை. மேல்பக்கத்தில் இறங்கினால் முதல் ஐந்து நிமிடத்துக்குள், துடுப்பில் கை பழகுவதற்கு முன்பே, தூண்களைச் சந்திக்க வேண்டிவரும்.

கெட்டம்பே எல்லாவற்றுக்கும் கிட்ட இருக்கிறதே, அங்கே இறக்கலாமா?

அங்கே இறக்குவதை நான் தவிர்க்கிறேன். கண்டி வாவியிலிருந்து வெளியேறி நகரத்தின் நடுவே ஓடிவரும் மெத எல, நகரின் அழுக்கைச் சுமந்துகொண்டு அந்தப் பகுதியில்தான் மகாவலியைச் சேர்கிறது. அதேபோல அக்குறணைப் பக்கமிருந்து வரும் பிங்கா ஓயா கட்டுகஸ்தோட்டைப் பகுதியில் சேர்கிறது. இத்தகைய வாய்க்கால்கள் சேரும் இடங்களுக்கு மேற்பக்கம் இறங்குவதும், கீழ்ப்பக்கம் நீரில் கால் வைக்காமல் கடந்துபோவதும் என் வழக்கம். எலிக்காய்ச்சல் நம் பகுதியில் கதையில் வரும் நோய் அல்ல. காலில் வெட்டுக்காயம் இருக்கும்போது கரைச்சேற்றில் வெறுங்காலுடன் நிற்க வேண்டாம். ஆற்றில் இறங்கிய சில நாட்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் இறங்கியதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கண்டி எசல பெரஹெரா முடிவில் நீர்வெட்டுச் சடங்கு கெட்டம்பேயில் மகாவலியில் நடக்கிறது. நம் கோயில்களின் தீர்த்தத் திருவிழாவைப் போன்ற நிகழ்வு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நாட்களில் படகோடு அங்கே போய் நிற்பது எந்தச் சட்டமும் சொல்லாமலேயே நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

குளிக்கும் துறையில் படகை வைத்தால் முறைக்கிறார்கள். ஆறு எல்லாருக்கும் பொதுதானே?

ஆறு பொது. அந்த நேரத்தில் அந்தப் படிகள் அங்கே குளிப்பவர்களுடையவை. காலையிலும் பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகும் பெண்கள் குளிக்கவும் துணி துவைக்கவும் வருகிறார்கள். கைப்பேசியைக் கையில் பிடித்த அந்நிய ஆண்கள் இரண்டு பேர் படகோடு வந்து நின்றால் முறைக்காமல் என்ன செய்வார்கள்? அங்கே இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், சற்றுத் தூரத்திலேயே நின்று அங்குள்ள மூத்த ஒருவரிடம், "அம்மா, ஐந்து நிமிடத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறோம், பரவாயில்லையா?" என்று கேளுங்கள். கைப்பேசியைப் பையில் போட்ட பிறகு கேளுங்கள். சிங்களம் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்வது நல்லது.

இதில் நமக்கும் ஆதாயம் உண்டு. தினமும் அந்தப் படியில் நிற்பவர்களுக்குத்தான் "மூன்றாவது படிக்குக் கீழே கிடங்கு", "அந்தக் கல்லுக்கு அப்பால் போகாதே" என்பதெல்லாம் தெரியும். ஒரு துறையைப் பற்றி நான் அறிந்தவற்றில் பாதிக்கு மேல் துணி துவைப்பவர்கள் சொன்னவைதான்.

மணல் எடுக்கும் இடங்களில் லொறிப் பாதையே இருக்கிறதே, அதைவிட வசதி வேறு என்ன?

வாகனத்துக்கு வசதி, காலுக்கு ஆபத்து. மணல் அள்ளிய இடத்தில் ஆற்றின் தரை சீராக இருக்காது. முழங்கால் ஆழத்தில் நடந்து படகைத் தள்ளிக்கொண்டிருப்பவர், அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழத்தில் இருப்பார். கலங்கிய நீரில் அது கண்ணுக்குத் தெரியாது. அங்கே இறங்கினால் நடக்காமல், கரையை ஒட்டி நின்றபடியே படகில் ஏறிவிட வேண்டும். துடுப்பால் முன்னே குத்திப் பார்க்காமல் ஓர் அடியும் வைக்கக் கூடாது. வேலை நடக்கும் நேரத்தில் மணல் தோணிகள் நிறைந்த பாரத்தோடு, நீர் விளிம்பைத் தொட்டபடி வரும். உங்கள் படகு எழுப்பும் சிறு அலைகூட அவர்களுக்குத் தொல்லை. வழிவிட வேண்டியவர் நீங்கள்தான், அவர்கள் அல்லர்.

யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே.

நீருக்கு ஒருவர், கரைக்கு ஒருவர் என்று பிரிந்திருப்பதால்தான் இந்தக் குழப்பம். பொல்கொல்லை, கொத்மலை, விக்டோரியா போன்ற தேக்கங்கள் மகாவலி அதிகாரசபையின் கீழ் வருகின்றன. ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் மின்னுற்பத்திக்குப் பொறுப்பான அரச நிறுவனத்தினுடையவை (நெடுங்காலம் அது இலங்கை மின்சார சபை). கரை தேயிலைத் தோட்டத்துக்குள் இருந்தால் தோட்ட அலுவலகத்தில் கேட்க வேண்டும். மீன் பிடிக்கவும் எண்ணினால் அது தனி விடயம். உள்நாட்டு மீன்பிடிக்குத் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையை அணுக வேண்டும். நகரப் பகுதி ஆற்றுக்கு, அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம் தொடங்குவது எளிது. தம் கையில் இல்லாத விடயம் என்றாலும் யாரிடம் போவது என்று அவர் சொல்லுவார்.

புதிய இடத்துக்குப் போகும்போது அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் வாய்மொழியாகவாவது சொல்லிவிட்டுப் போவேன். சொல்லவில்லை என்பதற்காக யாரும் என்னைத் தடுத்ததில்லை; ஆனால் திரும்பி வராவிட்டால் எங்கே தேடத் தொடங்குவது என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

நான் மட்டக்களப்பு வாவியில் சிறுவயதிலிருந்தே தோணி விட்டவன். மலைநாட்டில் எனக்குப் புதிதாக என்ன இருக்கிறது?

துடுப்புப் பிடிப்பதில் எனக்கு நீங்கள்தான் ஆசிரியர். ஆனால் வாவியில் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவது காற்றையும் கையின் வலுவையும் பொறுத்தது. ஆற்றில் அது முழுக்க ஓட்டத்தைப் பொறுத்தது. அதனால் இங்கே முதலில் ஓட்டத்தை எதிர்த்து மேலே போக வேண்டும். கால் மணித்தியாலம் துடுப்புப் போட்டும் கரையில் உள்ள ஒரு மரத்தைத் தாண்ட முடியவில்லை என்றால், அன்று அந்த இடம் உங்களுக்கு உரியதல்ல என்பது புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே தெரிந்துவிடும். கீழ்நோக்கிப் போய் அதைக் கண்டுபிடித்தால், திரும்பும் வழி பேருந்து.

கீழ்நோக்கித்தான் போவது என்று முடிவெடுத்தால் ஏறும் இடத்தை முன்னரே நடந்து போய்ப் பார்த்து, அங்கே நீரிலிருந்து தெரியக்கூடிய ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். ஆற்றின் நடுவிலிருந்து பார்க்கும்போது எல்லா மூங்கில் புதரும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த ஏறுமிடத்தைத் தவறவிட்டால் அடுத்தது எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பொல்கொல்லைதான் அடுத்தது என்றால் அந்தப் பயணமே வேண்டாம்.

கண்டி வாவியிலோ நுவரெலியா கிறகரி வாவியிலோ சொந்தப் படகை இறக்கலாமா?

அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். இரண்டும் பராமரிக்கப்படும் நகர வாவிகள். அங்கே சவாரிப் படகுகள் இருக்கின்றன, கட்டணம் கொடுத்து ஏறலாம். 1873இல் ஆளுநர் வில்லியம் கிறகரியின் காலத்தில் உருவான கிறகரி வாவி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அந்த நீரின் குளிர் விழுந்தவரின் மூச்சை முதல் நிமிடத்திலேயே அடைத்துவிடும். பிள்ளைகளுக்குப் படகு என்றால் என்னவென்று காட்டுவதற்கு ஏற்ற இடங்கள், அவ்வளவுதான்.

எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கீழேயே காசல்ரீத் தண்ணீர் நிற்கிறது. அங்கேயே இறக்கினால் போதாதா?

இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பிக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்துச் சொல்கிறேன். நீர்த்தேக்கத்துக்கு நிலையான கரை கிடையாது. மழைக்காலத்தில் தேயிலைச் செடியின் காலடியில் நிற்கும் நீர், வறட்சியில் மின்சாரத்துக்காக எடுக்கப்பட எடுக்கப் பல மீற்றர் கீழே போய்விடும். அப்போது தேயிலைக்கும் நீருக்கும் இடையே காய்ந்ததுபோலத் தோன்றும் செம்மண் சரிவு வெளிப்படும். அதன் மேலோடு மட்டும்தான் காய்ந்திருக்கும். விளிம்பை நெருங்கும்போது முழங்கால்வரை புதையும். நிரம்பியபோது நல்லதாக இருந்த துறை, வற்றியபோது சேற்றுக்குழி. ஆகவே நீர்த்தேக்கத்தில் ஒரே துறையை நம்பாமல், நிரம்பியபோது ஒன்று, வற்றியபோது ஒன்று என்று இரண்டு இடங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. அணை கட்டுவதற்கு முன்பு பள்ளத்தாக்கில் இருந்த பழைய வீதிகள் சில இடங்களில் இன்றும் நேராக நீருக்குள் இறங்கிப் போகின்றன. கல் பரப்பிய அந்த வீதி, நீர் ஏறினாலும் இறங்கினாலும் உறுதியான சரிவாகவே இருக்கும். தோட்டத்து முதியவர்களிடம் "பழைய ரோடு எதிலே போனது?" என்று கேட்டால் கைநீட்டிக் காட்டுவார்கள். மற்றபடி, காலை மூடுபனி கலைந்து எதிர்க்கரை தெரியும்வரை இறங்க வேண்டாம். ஜூன், ஜூலை மாதக் காற்று பிற்பகலில் அலையெழுப்பும் என்பதால், காற்று வரும் திசையிலுள்ள கரையிலிருந்தே புறப்படுங்கள். அந்தக் கரையில்தான் நீர் அடங்கியிருக்கும். சிவனொளிபாத மலைப் பருவத்தில், அதாவது டிசெம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை, ஹட்டன் வீதியில் படகு ஏற்றிய வாகனத்தோடு சனிக்கிழமை போவதைத் தவிர்த்தால் நேரம் மிஞ்சும்.

நீச்சல் தெரியாதவர்களே நம் தோட்டங்களில் அதிகம். எல்லாரும் உயிர்காப்பு அங்கி அணியாமல் படகு கரையை விட்டு நகரக் கூடாது. இதற்கு விதிவிலக்குக் கேட்டு யாரும் எழுத வேண்டாம்.

மஸ்கெலியாவில் பழைய கோயில் தண்ணீருக்கு வெளியே தெரியும்போது படகில் போய்ப் பார்க்கலாமா?

1969இல் மவுஸ்ஸாக்கலை அணை முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வறட்சியில் அங்கிருந்த கோயிலும் பிற கட்டடங்களும் வெளிப்படுவதும், ஊர்மக்கள் போய்க் கும்பிடுவதும் எல்லாரும் அறிந்தது. படகுக்காரனுக்கு அதில் இரண்டு விதமான காலங்கள் இருக்கின்றன. கோயில் முழுவதும் வெளியே தெரியும்போது படகு தேவையில்லை, நடந்தே போகிறார்கள். அப்போது முன் விடையில் சொன்ன சேறுதான் கவனிக்க வேண்டியது. கோயில் மேற்பகுதி மட்டும் தெரியும் இடைக்காலம்தான் ஆபத்தானது. ஒரு சுவர் தெரிகிறது என்றால், தெரியாத சுவர்கள் சுற்றிலும் ஓரடி ஆழத்தில் நிற்கின்றன. காற்றடைத்த படகைக் கிழிக்க ஒரு கம்பி போதும்.

நான் அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் படகு விடுவதில்லை. பயம் ஒரு காரணம். அந்த நகரத்தில் பிறந்த பெரியவர் ஒருவர், கரையில் நின்று, தம் பள்ளிக்கூடம் இருந்த இடத்தைக் கையால் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தது மற்றொரு காரணம். தெல்தெனியாவின் பழைய நகரம் மூழ்கிக் கிடக்கும் விக்டோரியாவிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதற்கும் கீழே, விக்டோரியா–ரந்தெனிகலை–ரந்தம்பை சரணாலயப் பகுதியில் காட்டு யானைகள் நீருக்கு வரும். வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேட்காமல் அங்கே இறங்க எண்ணக்கூடாது.

2025 நவம்பர் வெள்ளத்துக்கு முன்பு நீங்கள் சொன்ன இடங்கள் இப்போதும் சரியா?

சரியென்று வைத்துக்கொள்ள வேண்டாம். தித்வா புயலோடு வந்த அந்த வெள்ளமும் மண்சரிவுகளும் மலைநாட்டு ஆறுகளின் கரைகளைப் பல இடங்களில் மாற்றிவிட்டன. நான் வழக்கமாகப் பயன்படுத்திய ஓர் உள்வளைவில் சரளைத்தரை அடித்துப் போகப்பட்டு மண்சுவர் நிற்கிறது. அதற்கு எதிரே முன்பு இல்லாத மணல்திட்டு முளைத்திருக்கிறது. வேரோடு சாய்ந்த மரங்களும் கம்பி வலைகளும் நீருக்கடியில் கிடக்கக்கூடும். பழைய இடமே ஆனாலும் நீர் குறைந்த, தெளிந்த ஒரு நாளில் கரையோரமாக நடந்து, புதிய இடத்தைப் பார்ப்பதுபோலப் பாருங்கள். புதிதாக வெட்டுண்ட கரையின் விளிம்பில் மட்டும் நிற்க வேண்டாம். அடியில் மண் இருக்காது.

எல்லாம் பார்த்துத்தான் போனோம். போய் நின்றபோது மனம் ஒப்பவில்லை. ஆனால் வேன் பிடித்து ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஓர் ஆசிரியர். பழைய மாணவர்களைக் கூட்டி வந்திருந்தார். ஆற்றைவிட அந்தப் பதினொரு முகங்களுக்குத்தான் அவர் அதிகம் பயந்தார் என்று நினைக்கிறேன். இதற்கு நான் செய்வது, முதல் நாளே இரண்டாவது இடம் ஒன்றைச் சொல்லி வைப்பதுதான். "கம்பளைப் பக்கம் சரியில்லை என்றால் கட்டுகஸ்தோட்டை" என்று வேனில் ஏறும்போதே எல்லாருக்கும் தெரிந்திருந்தால், இடம் மாற்றுவது தோல்வியாகத் தெரியாது. இரண்டாவது இடமும் சரியில்லாமல் போவதுண்டு. கல் நனைகிறதா என்று பார்க்கும் கால் மணித்தியாலத்தைக் கூட்டத்தின் முன்னால் செய்யாமல், ஒருவரை மட்டும் அழைத்துக்கொண்டு முன்கூட்டியே போய்ச் செய்துவிடுவதும் நல்லது.

அன்று அந்த ஆசிரியரோடு நானும் இருந்தேன். நீரில் மூங்கில் தூர் ஒன்று மிதந்து வந்தது. சிறிது நேரத்தில் இன்னொன்று. படகை வேனின் கூரையிலிருந்து அவிழ்க்கவே இல்லை. கெலிஓயாவில் ஒரு கடையில் எல்லாரும் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பி வந்து பார்த்தபோது நாங்கள் நின்ற சரளைத்தரையின் மேல் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பையன்களில் ஒருவன் தான் காலையில் வைத்த கல்லைத் தேடினான். அது இருந்த இடம் எது என்பதில்கூட எங்களால் ஒத்துப்போக முடியவில்லை.